லாரி விபத்துக்குக் காரணம் தேட என்னென்ன தரவு எடுக்கணும்? (புதுச்சேரி – கடலூர் சாலை)

பாகூர்_மாணவன்:
வணக்கம். இந்தச் சாலையில் நடந்த லாரி விபத்துகளை முதுகலை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். கையில் இருப்பது முதல் தகவல் அறிக்கைகள் மட்டும்தான். எதைப் புரட்டினாலும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற அதே வரி. இதை வைத்து டிரைவர்தான் காரணம் என்று எழுத மனம் ஒப்பவில்லை. வேறு எங்கே தேடுவது?

சாலைப்_பொறியாளர்:
எழுதாதீங்க தம்பி. அந்த வரி வழக்குப் பிரிவுக்காக எழுதப்படுவது. 2024 ஜூலை 1-க்கு முன் இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்) 279, 304-ஏ, அதன்பின் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 281, 106(1). அஜாக்கிரதை என்று சொல்லாமல் அந்தப் பிரிவுகள் நிற்காது.

முதலில் எல்லை. கன்னியக்கோயில் வரை புதுச்சேரி போலீஸ், ரெட்டிச்சாவடியில் தமிழ்நாடு போலீஸ். இரண்டு பக்கமும் தனித்தனியாக மனுக் கொடுங்க. துறைத் தலைவர் கடிதத்தோடு, பெயர் நீக்கிய ஐராட் (அரசின் சாலை விபத்துத் தரவுத்தளம்) பதிவுகளைக் கேளுங்க. இடம், நேரம் எல்லாம் அதில் இருக்கும்.

உங்கள் ஆய்வின் உயிர் விபத்துக்கு முந்தைய 72 மணி நேரம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாள் போட்டு நேரம், இடம், ஆதாரம் என்று வரிசையாக நிரப்புங்க. ஃபாஸ்டேக்கில் சுங்கக் கட்டணம் பிடித்த பதிவு, எடைமேடைச் சீட்டு, டீசல் பில், கம்பெனி கேட் பதிவேடு, ஜி.பி.எஸ். இருந்தால் அதுவும். இரண்டு பதிவுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் ஓடிய நேரத்தைக் கழித்தால், அதிகபட்சம் எவ்வளவு தூங்கியிருக்க முடியும் என்று தெரியும். இ-வே பில் (சரக்கு அனுப்ப இணையத்தில் போடும் சீட்டு) நேரத்தைப் புறப்பட்ட நேரமாக எடுத்துவிடாதீங்க, பில் போட்ட பிறகும் வண்டி மணிக்கணக்கில் நிற்கும்.

சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் லோடு இறக்கக் காத்திருக்கும் நேரத்துக்குத் தனிக் கட்டம் வேண்டும். வரிசை நகரும்போதெல்லாம் வண்டியை நகர்த்தணும், அசந்து தூங்க முடியாது. அதை ஓய்வுக் கணக்கில் சேர்த்தால் ஆய்வே திசைமாறும். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது. உங்கள் தாளை அதோடு ஒப்பிடுங்க.

விபத்தில் சிக்காத வண்டிகளும் கட்டாயம் வேண்டும். அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்தில் ஒரு விபத்துக்கு இரண்டு லாரி வீதம் நிறுத்தி அதே கேள்விகளைக் கேளுங்க. போலீஸ் துணையில்லாமல் சாலையில் நிறுத்தக் கூடாது, டீக்கடை நிறுத்தம் நல்லது. இது இல்லாமல் "விடியற்காலை 3 மணிக்கு விபத்து அதிகம்" என்றால், அந்த நேரத்தில் லாரி அதிகமா, தூக்கம் அதிகமா என்று பிரிக்க முடியாது.

அமெரிக்காவில் 2001–2003-ல் 963 கனரக வண்டி விபத்துகளை ஆராய்ந்தபோது, கடைசி நொடியில் நடந்ததை ஒரு கட்டத்திலும், கூட இருந்த காரணிகளை வேறு கட்டத்திலும் எழுதினார்கள். நீங்களும் அப்படியே பிரிங்க.

முதுநகர்_ஒர்க்‌ஷாப்:
வண்டியையும் பாருங்க. மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் இயந்திரக் கோளாறு இல்லை என்றிருந்தாலும் படம் எடுங்க. மோதலில் ஏர் பைப் அறுந்தால் பிரேக் அழுத்தம் பார்க்க வழியில்லை. ஆனால் பிரேக் லைனிங் தடிமன், டிரம்மில் வெடிப்பு, ஹப் சீல் கசிந்து லைனிங்கில் ஏறிய கிரீஸ், ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் கை) தளர்வு எல்லாம் அப்படியே இருக்கும். ஒரு சக்கரம் பிடிக்காவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

நின்ற லாரியில் பின்னால் மோதிய வழக்கா? டெயில் லேம்ப் பல்பைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்க. எரிந்துகொண்டிருக்கும்போது அடி விழுந்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் நீண்டு நெளிந்திருக்கும். அணைந்திருந்தால் சுருள் குலையாது, அல்லது வெட்டினாற்போல் முறிந்திருக்கும். எல்.இ.டி.யில் இது தெரியாது.

ரோட்டில் டயர் தேய்ந்த தடம் இல்லை என்பதற்காகத் தூங்கிவிட்டார் என்று முடிவு கட்டாதீங்க. ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) வேலை செய்தால் முழுசாகப் பிரேக் அடித்தாலும் தடம் தெளிவாக விழாது.

பாகூர்_மாணவன்:
நன்றி அண்ணே. டிரைவர்கள் வாய் திறப்பார்களா?

தொழிற்சங்க_வாசகர்:
வழக்கு நடக்கும்போது உண்மையைச் சொல்வது அவருக்கே ஆபத்து. கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குங்க, பெயர், லைசென்ஸ் எண், வண்டி எண் எதையும் கேள்வித்தாளில் எழுதாதீங்க. முதலாளி பக்கத்தில் இருக்கும்போது கேட்கவே கேட்காதீங்க. "தூங்கிட்டீங்களா" என்றால் இல்லை என்றுதான் வரும். "கடைசியா எங்க சாப்பிட்டீங்க, அப்புறம் எங்க வண்டியை ஓரம் கட்டினீங்க, கிளீனர் கூட இருந்தாரா" என்று பின்னோக்கிக் கேளுங்க. சம்பளம் டிரிப் கணக்கா, மாதக் கணக்கா, தாமதமானால் பேட்டாவில் பிடிப்பார்களா என்பதையும் சேருங்க. அவசரம் எங்கிருந்து வந்தது என்று அங்கேதான் தெரியும்.