எஞ்சின் வெளிப்பாகங்கள் எல்லாவற்றுக்கும் பவுடர் கோட்டிங் பொருந்துமா?

நாலுசிலிண்டர் (கேள்வி):

பழைய பெட்ரோல் எஞ்சின் ஒன்றை முழுவதுமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். போரிங், ஹெட் ஃபேசிங் போன்ற மெஷின் வேலைகள் முடிந்துவிட்டன. மீண்டும் பூட்டுவதற்கு முன் வெளியில் தெரியும் பாகங்களுக்கு, துரு ஏறாமலும் உரிந்து வராமலும் பல ஆண்டுகள் நிற்கக்கூடிய பூச்சு கொடுக்க விரும்புகிறேன். பிளாக்கும் (சிலிண்டர்கள் உள்ள மைய உடல்) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதி) வார்ப்பிரும்பு, வால்வு கவரும் (மேல்மூடி) இன்டேக் மேனிஃபோல்டும் (காற்றை உள்ளே கொண்டுவரும் குழாய்த்தொகுதி) அலுமினிய வார்ப்பு, ஆயில் சம்ப் (அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) இரும்புத் தகடு. பூச்சு வேலை செய்யும் ஒருவர் எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவி அடுப்பில் உருக்கி இறுகவைக்கும் பூச்சு) செய்து தருவதாகச் சொல்கிறார். இன்னொருவரோ வெப்பம் தாங்கும் ஸ்ப்ரே பெயின்ட் ஒன்றே போதும் என்கிறார். இருவருமே தாங்கள் விற்பதைத்தான் பரிந்துரைக்கிறார்கள் என்பது புரிகிறது. விற்பனைக்கு அப்பால் நின்று யோசித்தால் எந்தப் பாகத்துக்கு எது சரி?

தூரிகையாளர்:

பூச்சின் பெயரைப் பார்ப்பதற்கு முன், அந்தப் பாகம் ஓட்டத்தில் எவ்வளவு சூடாகிறது என்று பாருங்கள். கூலன்ட் சுற்றும் பிளாக்கின் வெளிச்சுவர் பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோ, சுமையோடு ஓடும்போது 600 டிகிரியைத் தாண்டிச் செந்தழலாகக்கூடத் தெரியும். இந்த இரண்டுக்கும் ஒரே பூச்சு என்பது நடக்காத காரியம். சாதாரண பாலியெஸ்டர் பவுடர் ஏறத்தாழ 200 டிகிரியில் உருகி இறுகுவது. அதற்கு மேல் தொடர்ந்து சூடானால் முதலில் நிறம் பழுக்கும், பிறகு கருகும். ஆகவே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை அந்தப் பட்டியலிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள்.

பிளாக்கையும் பவுடருக்கு அனுப்ப வேண்டாம் என்பேன். அத்தனை கனமான வார்ப்பு முழுவதையும் 200 டிகிரிக்குக் கொண்டுவர அடுப்பில் நெடுநேரம் வைக்க வேண்டியிருக்கும். பல ஆண்டுகளாக உலோகத்தின் நுண்துளைகளில் ஊறிய எண்ணெய் அந்தச் சூட்டில் கசிந்து பூச்சைக் குமிழாக்கும். இழைத்து முடித்த சிலிண்டர் சுவர்களையும் பேரிங் இருக்கைகளையும் எதற்காக இந்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும்? இரண்டு கூறு எபாக்சி பிரைமரும் அதன்மேல் எஞ்சின் எனாமலும் பிளாக்குக்குத் தாராளமாகப் போதும்.

நீடிப்பது பெரும்பாலும் முன்தயாரிப்பைப் பொறுத்தது. டீகிரீசர் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, உடனே காற்றடித்து உலர்த்துங்கள். தாமதித்தால் வார்ப்பிரும்பு கண்ணெதிரே மஞ்சள் துரு பூக்கும். கரைப்பானில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறை ஏறாத வரை பிரைமரைத் தொடாதீர்கள். பூச்சை மெல்லிய படலங்களாக அடியுங்கள். மறுபூச்சுக்கு டப்பாவில் குறிப்பிட்டிருக்கும் கால வரம்பையும் மீறாதீர்கள். பாதி உலர்ந்த எனாமல்மீது புதுப் பூச்சு விழுந்தால் அடிப்படலம் சுருங்கி மடிப்பு விழும். ஐசோசயனேட் கலந்த ஹார்டனர் உள்ள பெயின்ட் என்றால், வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். சாதாரணத் தூசி முகமூடி அதைத் தடுக்காது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அலுமினியத் துகள் கலந்த சிலிக்கோன் பெயின்ட். மற்றது, அதற்கென்றே உள்ள செராமிக் பூச்சு. இரண்டிலும் படலம் மெல்லியதாக இருக்க வேண்டும். செராமிக்கில் 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே வழக்கம். தடிமனாக அடித்தால் பாதுகாப்பு கூடும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் இங்கே தடித்த படலம்தான் முதலில் கொப்பளித்து உதிரும். சிலிக்கோன் பெயின்ட் தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் சூடேறிய பிறகுதான் முழுமையாக இறுகும், அதுவரை பெட்ரோல் பட்டாலே கரையும். எனவே முதல் ஓட்டத்தில் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி ஆறவிட்டு, ஒவ்வொரு முறையும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

உலைக்களம்:

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். வால்வு கவர், இன்டேக் மேனிஃபோல்டு, பிராக்கெட்டுகள் ஆகியவற்றுக்குப் பவுடர் நல்ல தேர்வுதான். எண்ணெயும் பெட்ரோலும் சிந்தினாலும் எளிதில் பாதிக்கப்படாது. ஆனால் கொடுப்பதற்கு முன் சிலவற்றைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

முதலாவது பிளாஸ்டிங், அதாவது துகள்களை வேகமாக வீசியடித்துப் பழைய பூச்சை நீக்குவது. பல வால்வு கவர்களின் உள்ளே, எண்ணெய்த் துளிகளைப் பிரிப்பதற்கான தடுப்புத் தகடு ஒன்று ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். கவரைக் கண்ணாடி மணியால் பிளாஸ்ட் செய்தால் அந்தத் தகட்டுக்குப் பின்னால் மணிகள் போய்ச் சேரும். எவ்வளவு கழுவினாலும் அவை முழுவதும் வெளியே வரா. எஞ்சின் சூடாகி எண்ணெய் தெறிக்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகச் சம்புக்குள் விழும். ஆயில் பம்ப் தேய்வதும் பேரிங்கில் கோடு விழுவதும் இப்படித்தான் தொடங்குகின்றன. கவர் பளபளப்பாக இருப்பதற்காக எஞ்சினைப் பலி கொடுப்பதில் பொருளில்லை. ஒன்று, ரிவெட்டை வெட்டித் தகட்டைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்ட் செய்ய வேண்டும். அல்லது இரசாயன முறையில் பழைய பூச்சை அகற்ற வேண்டும். அப்போதும் காஸ்டிக் சோடா தொட்டியில் போடவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள், அது அலுமினியத்தையே அரித்துத் தின்றுவிடும்.

இரண்டாவது, வார்ப்பு அலுமினியம் சூட்டில் வாயுவை வெளிவிடும். பவுடர் தூவுவதற்கு முன்பே பாகத்தை, பவுடர் இறுகும் வெப்பத்தைவிடச் சற்று அதிகமான சூட்டில் வெறுமனே அடுப்பில் வைத்து எடுக்க வேண்டும். ஊறிய எண்ணெயும் அடைபட்ட காற்றும் அப்போதே வெளியேறும். பிறகு துடைத்துவிட்டுத் தூவினால் ஊசித்துளைகள் வெகுவாகக் குறையும். இதைச் செய்வீர்களா என்று கேட்டதும் விழிக்கும் கடையில் வார்ப்புப் பாகத்தைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது மாஸ்கிங், அதாவது பூச்சு ஏறக்கூடாத இடங்களை மறைப்பது. பவுடர்ப் படலம் பொதுவாக 60 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். கேஸ்கட் (இரு பாகங்களுக்கு இடையே கசிவைத் தடுக்கும் அடைப்புத் தகடு) உட்காரும் முகத்தில் அது ஏறினால் கசிவு வரும். போல்ட் தலை அழுத்தும் வட்டத்தில் ஏறினால், இறுக்கிய பிறகு சூட்டில் அது மெல்ல நசுங்கி போல்ட்டின் பிடி தளரும். மரை ஓட்டைகளுக்குச் சிலிக்கோன் அடைப்பான்கள் உண்டு. முகங்களுக்கு வெப்பம் தாங்கும் டேப் உண்டு. எதை மறைக்க வேண்டும் என்று பாகத்தின் படத்தில் குறித்து எழுதிக் கொடுப்பது நல்லது. வாய்மொழி அறிவுறுத்தல் மாலைக்குள் மறந்துபோகும்.

நாலுசிலிண்டர்:

மிக்க நன்றி. என் வால்வு கவரில் நீங்கள் சொன்ன ரிவெட் தகடு இருக்கிறது, கழற்றிவிட்டே கொடுக்கிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். துருவேறிய போல்ட்டுகளை மொத்தமாகத் துத்தநாக முலாமுக்கு அனுப்பலாமா? பிளாக்கின் உட்புறத்திலும் சிவப்பு வார்னிஷ் அடிப்பதைப் படங்களில் பார்த்திருக்கிறேன், அது தேவையா?

மரைச்சுற்று:

போல்ட்டுகளை முதலில் தலையில் உள்ள வலிமை எண்ணைப் பார்த்துப் பிரியுங்கள். 8.8 என்று உள்ள பிராக்கெட், கவர் போல்ட்டுகளுக்குத் துத்தநாக முலாம் பெரும்பாலும் சிக்கல் தராது. 10.9, 12.9 என்று உள்ளவற்றைச் சாதாரண முலாம் கடைக்கு அனுப்பாதீர்கள். துருவை நீக்கும் அமிலத் தொட்டியிலும், பிறகு மின்முலாம் பூசும்போதும், ஹைட்ரஜன் உலோகத்துக்குள் நுழைகிறது. கடினமான எஃகை அது நொறுங்கும் தன்மை உடையதாக்கும். அப்படிப்பட்ட போல்ட் இறுக்கும்போது ஒன்றும் காட்டாது; சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து, எஞ்சின் ஓடாமல் சும்மா நிற்கும்போதுகூடத் தலை தெறித்துவிழும். முலாம் பூசிய உடனே 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றும் முறை உண்டு, ஆனால் அதை முறையாகச் செய்ததற்குக் கண்ணால் காணும் சான்று எதுவும் இருக்காது. உயர்வலிமை போல்ட்டுகளுக்கு, அமிலமும் மின்சாரமும் இல்லாமல் பூசப்படும் துத்தநாகச் செதில் பூச்சு பாதுகாப்பானது.

கனெக்டிங் ராடு, ஹெட், மெயின் பேரிங் போல்ட்டுகளுக்கு எந்த முலாமும் வேண்டாம். மரையின் உராய்வு மாறினால், கையேட்டில் உள்ள அதே டார்க்கில் (திருகும் விசையின் அளவு) இறுக்கினாலும் உண்மையான இழுவிசை வேறாகிவிடும். துரு அரித்த போல்ட் என்றால் புதிதாக வாங்குவதே முறை.

உலைக்களம்:

உட்புறப் பூச்சைப் பற்றி என் கருத்து: நீங்கள் பார்த்த சிவப்பு வார்னிஷை, அதாவது மின்மோட்டார்ச் சுருள்களுக்குப் பயன்படும் கிளிப்டால் எனாமலைப் பந்தய எஞ்சின் கட்டுபவர்கள் சிலர் பிளாக்கினுள் அடிப்பது உண்மை. வார்ப்பின் சொரசொரப்பில் மிச்சமிருக்கும் மணல் துகள்களை அது மூடிவிடுகிறது, எண்ணெயும் வேகமாகக் கீழே வழிகிறது என்பது அவர்கள் வாதம். புதிய வார்ப்பாக இருந்தால் அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது.

தூரிகையாளர்:

புதிய வார்ப்புக்கு வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம். பல்லாண்டுகள் ஓடிய பிளாக்கில் உதிர வேண்டிய மணல் எல்லாம் எப்போதோ உதிர்ந்திருக்கும். நுண்துளைகளில் எண்ணெய்தான் நிரம்பியிருக்கும். அதன்மேல் அடித்த எனாமல் ஒரு செதில் பெயர்ந்தாலும் நேராக ஆயில் பம்பின் வலைக்குத்தான் போகும். வெளிப்புறத்தில் பூச்சு உரிந்தால் அழகு மட்டும் கெடும், உள்ளே உரிந்தால் எண்ணெய் ஓட்டமே தடைபடும். நாலுசிலிண்டரின் எஞ்சினுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்கம்பி:

ஒரு சிறு சேர்க்கை. எர்த் வயர் பூட்டும் இடத்தையும் ஸ்டார்ட்டர் மோட்டார் உட்காரும் முகத்தையும் மாஸ்கிங் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பவுடரும் எபாக்சியும் மின்சாரத்தைக் கடத்தா. பூச்சு ஏறிவிட்டால் ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றும், சென்சார் அளவுகள் தாறுமாறாகக் காட்டும். பழுது எங்கே என்று தேடுபவர் பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் மாற்றிப் பார்த்த பிறகுதான் அந்தப் புதுப் பெயின்ட்டைச் சந்தேகிப்பார். அந்த இடங்களை உலோகம் தெரியும்படி விட்டு, வயரை இறுக்கிய பின் மேலே மெழுகோ கிரீஸோ தடவினால் துரு பிடிக்காது.