கிரோன்ஸ் நோய்: சிறுநீரோடு காற்று வருகிறது, ஆபரேஷன் அவசியமா?

உசிலம்பட்டி செல்வி:
என் வீட்டுக்காரருக்கு 36 வயது, வேன் ஓட்டுகிறார். முதலில் குடல் டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. அப்புறம் மதுரையில் கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுக் குடலைப் பார்ப்பது) பார்த்து கிரோன்ஸ், அதாவது குடலில் வீக்கமும் புண்ணும் திரும்பத் திரும்ப வரும் நோய் என்றார்கள். இப்போது நீர்க்கடுப்பும் காய்ச்சலும் அடிக்கடி வருகிறது. ஒன்றுக்குப் போகும்போது கடைசியில் புஸ்ஸென்று காற்றும் வருகிறதாம். சொல்லவே கூச்சப்பட்டார். குடலுக்கும் மூத்திரப்பைக்கும் நடுவே வழி விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யவேண்டும் என்கிறார்கள். மாத்திரையில் சரியாகாதா? மலம் போக வயிற்றில் பை வைத்துவிடுவார்களா?

மேலூர்க்காரன்:
உடம்புச் சூடாக இருக்கும். இளநீரும் வெந்தயமும் கொடுத்துப் பாருங்கள்.

செல்லூர் சிஸ்டர்:
சூடு இல்லை தம்பி. மதுரையில் சர்ஜரி வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். இதே நோய் வந்த ஒரு பையனின் யூரின் பையில், குடலிலிருந்து ஓட்டை வழியாக வந்த தக்காளித் தோல் கிடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செல்வி, அந்தக் காற்றை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஸ்கேனில் ஓட்டை நேராகத் தெரியாமலும் போகலாம். யூரின் டியூப் போடாத ஆளுக்கு மூத்திரப்பையில் காற்று, அதன் சுவர் தடித்து அங்கே குடல் ஒட்டிக்கொண்டிருப்பது, இவற்றை வைத்துத்தான் பெரும்பாலும் கண்டுபிடிப்பார்கள்.

குடல் வீக்கத்தை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மாதிரி ஊசியில் சிலருக்கு ஓட்டை மூடும். ஆனால் சீழ், குடல் சுருக்கம், திரும்பத் திரும்ப இன்ஃபெக்‌ஷன் என்றால் ஆபரேஷன்தான் நம்பகமான வழி. கெட்டுப்போன குடல் துண்டை மட்டும் எடுத்துவிட்டு இணைப்பார்கள். மூத்திரப்பையில் நோய் இருக்காது, ஓட்டையைத் தைத்தால் போதும். அது ஆறும்வரை ஒன்றிரண்டு வாரம் யூரின் டியூப் இருக்கும். இடைஞ்சலாக இருக்கிறதென்று யாரும் இழுத்துவிடக் கூடாது.

பை எல்லோருக்கும் வைப்பதில்லை. சீழ், குறைந்த ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்), அதிக ஸ்டீராய்டு இருந்தால் தையல் கசியும் என்று தற்காலிகமாக வைப்பார்கள், சில மாதத்தில் மூடிவிடலாம். அதனால்தான் முதலில் சீழை ஸ்கேன் பார்த்து டியூப் வைத்து வடித்து, உடம்பைத் தேற்றுவார்கள். இந்த நாட்களை வீண் தாமதம் என்று நினைக்காதீர்கள். பீடி பிடிப்பாரா?

உசிலம்பட்டி செல்வி:
பிடிப்பார் அக்கா. ஆல்புமின் 2.6 என்று இருக்கிறது. ஸ்டீராய்டும் சாப்பிடுகிறார். ஆபரேஷனோடு நோய் போய்விடுமா?

செல்லூர் சிஸ்டர்:
போகாதும்மா, இணைத்த இடத்துக்குப் பக்கத்தில் திரும்ப வரலாம். பீடி அதற்குத் துணைபோகும், இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு 6 முதல் 12 மாதத்துக்குள் கொலோனோஸ்கோப்பி பார்க்கவேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதியை எடுத்தால் பி12 ஊசியும் தேவைப்படலாம்.

2.6 குறைவுதான். என்ன சத்துணவு கொடுக்கலாம் என்று டயட்டீஷியனிடம் கேளுங்கள், குடல் சுருங்கியிருந்தால் நார் உள்ளதைக் குறைக்கச் சொல்வார்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்கவேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவில் இப்போதே விசாரியுங்கள். குளிரோடு காய்ச்சல் வந்தால் நடுராத்திரி என்றாலும் எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.