மேடைக்கு இரண்டு வாசல்: பள்ளி நாடக அரங்கு கட்டும் அனுபவங்கள்

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தமிழாசிரியர்:

எங்கள் பள்ளியில் நாடக அரங்கு எழும்பிக்கொண்டிருக்கிறது. சுவர் முடிந்து, கூரையைத் தாங்கும் இரும்பு ட்ரஸ் ஏற்றி, இந்த வாரம் ஷீட் போடுகிறார்கள். பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முன்பு எங்களுக்கு ஒரு கீற்றுக் கொட்டகையும் மண்மேடையும் இருந்தன. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகள் போன பிறகு, பள்ளிகளில் இருந்த கீற்றுக் கூரைகளை எடுக்கச் சொன்னார்கள். எங்கள் கொட்டகையையும் பிரித்தார்கள். பிரித்ததுதான் சரி. ஆனால் அதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை. ஆண்டு விழாவுக்குச் சாமியானாவும் வாடகை மைக்கும்தான். நான்கு பிள்ளைகள் ஒரே மைக்கைச் சுற்றி நின்றுகொண்டு வசனம் ஒப்பிப்பார்கள். அதை நாடகம் என்று சொல்லவே எனக்கு மனம் வராது.

முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டித் தந்த பிறகுதான் வேலை தொடங்கியது. வரைபடம் வந்தபோது கட்டடக் குழுவில் நானும் இருந்தேன். கதவுகள் எல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், பின்சுவரிலும் ஒரு வழி வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். மேடையை நான் சரியாகப் பார்க்கவில்லை.

கொத்தனார்களுக்குத் தலைமையாக இருக்கும் மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் மேடைச் சுவர் நெஞ்சளவு வந்திருந்தது. சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “ஐயா, வேஷக்காரன் இந்தப் பக்கமா உள்ள போனா, திரும்ப எப்படி அந்தப் பக்கமா வருவான்?”

எனக்குப் பதில் வரவில்லை. வரைபடத்தில் மேடைக்கு வலப்பக்கம் ஒரே ஒரு வாசல். இடப்பக்கம் முழுச் சுவர். பேச்சாளர் ஏறிப் பேசிவிட்டு இறங்குவதற்கு அது போதும். பேசிப் பார்த்ததில், மேஸ்திரி வாலிப வயதில் ஸ்பெஷல் நாடகங்களில் பபூன் கட்டியவர் என்று தெரிந்தது. வள்ளி திருமணம், பவளக்கொடி என்று விடிய விடிய ஆடியிருக்கிறார். “பின்னால ஆள் ஓடுறதுக்குச் சந்து இல்லேன்னா கூத்து நின்னு போயிரும்யா” என்றார்.

எனக்கு வலித்தது வேறு இடத்தில். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வருடக்கணக்காக நடத்துகிறேன். இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல், அரங்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், வாயில் இரண்டு. பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொன்ன அதே நான், ஒரு வாசல் வைத்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மறுநாளே குழுவைக் கூட்டினோம். சுவர் ஈரம்கூடக் காயாததால் பிரிப்பது சுலபமாக இருந்தது. இடப்பக்கம் வாசல், இரண்டு பக்கமும் ஆள் மறைந்து நிற்க இடம், மேடைக்குப் பின்னால் நான்கடிச் சந்து. மேடை கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை. அந்த வாரம் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய், ஒரு விரலை ஒரு அங்குலம் என்று வைத்து, பதினாறுக்குப் பதினான்கு அடியில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். அதற்குள் நடித்துக் காட்டினார்கள். இடப்பக்கம் போனவன் வலப்பக்கம் வந்ததும் ஒரே கைதட்டல். மேஸ்திரியும் வந்து பார்த்தார்.

உங்கள் பள்ளியில் கட்டும்போது என்ன நடந்தது? பூச்சு வேலைக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோவையிலிருந்து ஒரு இயற்பியல் ஆசிரியர்:

ஐயா, பூச்சுக்கு முன்பு என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், சுவரைக் கண்ணாடி மாதிரி தேய்த்துவிடாதீர்கள். எங்கள் அரங்கில் அப்படித்தான் செய்தோம். 18 மீட்டர் நீளம், 12 அகலம், 6 உயரம். கைதட்டினால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ‘டர்ர்ர்’ என்று ஓசை ஓடும். கடைசி வரிசையில் வசனம் சுத்தமாகப் புரியாது.

1895-இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் இதே மாதிரி ஒரு விரிவுரைக் கூடத்தை ஒப்படைத்தார்கள். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து அடுக்கி அளந்தே, ஓர் அரங்கில் ஓசை அடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லும் சூத்திரத்தை அவர் கண்டுபிடித்தார். அதை வைத்து எங்கள் பிளஸ் ஒன் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். காலி அரங்கில் ஓசை அடங்க எட்டு நொடிக்கு மேல். முந்நூறு பேர் உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை நொடி. பேச்சுக்கு ஒரு நொடி அளவில் இருந்தால் நல்லது. பின்சுவரில் மரநார்ப் பலகை அடித்தோம், ஓரங்களில் கனத்த பருத்தித் திரையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். இப்போது மைக் இல்லாமலே கேட்கிறது. தகரக் கூரை என்றால் அடியில் மெத்தை போட மறக்காதீர்கள். ஐப்பசி மழையில் ஒரு வார்த்தை காதில் விழாது.

திருநெல்வேலியிலிருந்து ஒரு ஆசிரியை:

ஒப்பனை அறையைப் பற்றி யாருமே பேசவில்லையே. எங்கள் பள்ளியில் அதற்கென்று இடம் விடவில்லை. ஏழு வருஷம் பெண் பிள்ளைகள் ஆய்வுக்கூடத்தில் ஜன்னலுக்குத் துணி கட்டித்தான் சேலை மாற்றினார்கள். நன்றாக நடிக்கிற ஒரு பிள்ளை அதற்காகவே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். உள்தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை, அதை ஒட்டி ஒரு கழிவறை. இதை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள் ஐயா.

மீண்டும் புதுக்கோட்டை:

டீச்சர், மிக்க நன்றி. அறை இருக்கிறது, கழிவறை இல்லை. தண்ணீர்க் குழாய் போகும் வழியை இன்று மேஸ்திரியோடு போய்ப் பார்த்தேன். சந்தின் கடைசியில் வைத்துவிடலாம் என்கிறார். திங்கட்கிழமை கோடு போடுகிறோம்.