ஹீமோகுளோபின் சரியாக இருந்தால், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் பெரிட்டின் டெஸ்ட் வீண் செலவா?

காசிமேட்டுக்காரி: வண்ணைத் தம்பி நேற்று இங்கே எழுதியது: "ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தால் இரும்புச்சத்து போதும். பெரிட்டின் டெஸ்ட் லேப்காரன் காசு பிடுங்கும் வேலை." படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. என் மகளுக்கு ஹீமோகுளோபின் 12.3, பெரிட்டின் 14. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அரிசி டப்பா பக்கத்தில் நின்று பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்கிறாள். அதட்டினால் முந்தானைக்குள் மறைத்து வைத்து மெல்கிறாள். இது இரும்புக் குறை இல்லையா?

வண்ணைத் தம்பி: அக்கா, ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே 10 முதல் 120 என்று அச்சடித்திருக்குமே. 14 நார்மல்.

காசிமேட்டுக்காரி: அது அந்த லேப் போட்ட எல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் குறை என்கிறது. 14 எங்கே இருக்கிறது, நீயே சொல்.

வண்ணைத் தம்பி: ஒரே ஒரு புள்ளிக்கு இந்தச் சண்டையா?

பழைய லேப் ஆள்: 22 வருஷம் ரத்தம் எடுத்தவன் சொல்கிறேன். உடம்பில் இருக்கும் இரும்பு இருப்பு முதலில் கரையும், ஹீமோகுளோபின் அப்புறம்தான் இறங்கும். பல டாக்டர்கள் பெரிட்டின் 30-க்குக் கீழே என்றாலே குறையாக எடுப்பார்கள். காய்ச்சல், அழற்சி இருந்தால் பெரிட்டின் ஏறிக் காட்டும். அப்போது 70-க்குக் கீழே இருந்தாலும் சந்தேகப்படணும்.

வண்ணைத் தம்பி: 15, 30, 70! ஆளுக்கொரு நம்பர். இதைத்தான் நேற்றே சொன்னேன்.

பெரம்பூர் பாட்டி: தினம் நாலு பேரீச்சம்பழம் கொடுங்கம்மா, சரியாகிவிடும்.

காசிமேட்டுக்காரி: பேரீச்சையில் அவ்வளவு இரும்பு இல்லைங்கம்மா. 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் அளவுதான்.

பழைய லேப் ஆள்: ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கி வறுத்துக் கொடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், உடம்பில் இரும்பு சேர விடாது.

பெரம்பூர் பாட்டி: நாங்கள் சைவம். போன மாசமும் மீனைச் சொல்லி எங்களை மட்டம் தட்டினீர்கள், மறக்கவில்லை.

பழைய லேப் ஆள்: பாட்டிம்மா, உங்களை யார் சொன்னது?

வண்ணைத் தம்பி: குடிதண்ணீர் பேச்சிலும் அக்கா இப்படித்தான், கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்கணும்.

காசிமேட்டுக்காரி: தண்ணீர் கதையை இங்கே இழுக்காதே. நான் கேட்டது 14. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டார். மூன்று மாசம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்டை இங்கேயே போடுகிறேன்.

வண்ணைத் தம்பி: போடுங்கள். 14 நார்மல்தான்.