4294967297 பகா எண்ணா, பகு எண்ணா? இரண்டு சோதனைகள் முரண்படுகின்றன

கேள்வி:
வணக்கம். பேரெண்களை வகைப்படுத்தும் சிறு நிரல் ஒன்றை மாணவர்களுக்காகப் பைத்தானில் எழுதி வருகிறேன். ஓர் எண் பகா எண்தானா என்று அறிய, அதிலிருந்து 1-ஐக் கழித்து, 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்க்கிறேன். 4294967297-க்கு, அதாவது 2³² + 1-க்கு, மீதி 1 வருகிறது. ஆனால் காரணி தேடும் பகுதியோ அது 641-ஆல் வகுபடும் என்கிறது. கையால் பெருக்கியும் பார்த்தேன். 641 × 6700417 சரியாக அந்த எண்ணையே தருகிறது. பிழை எங்கே இருக்கிறது?

பதில் 1:
நிரலில் பிழை இல்லை, ஐயா. சோதனைதான் இந்த எண்ணுக்குப் போதாது. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2-ஐத் தவிர்த்த பகா எண் எதுவும் அச்சோதனையில் தேறும். தேறுவதெல்லாம் பகா எண் என்று அத்தேற்றம் சொல்வதில்லை. இங்கே காரணம் வெளிப்படையானது. 2³² இந்த எண்ணைவிட ஒன்று குறைவு என்பதால், அதை இந்த எண்ணால் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். அதன் வர்க்கமான 2⁶⁴-க்கு மீதி 1. நீங்கள் உயர்த்தும் அடுக்கு 2³², அது 64-இன் மடங்கு. ஆகவே எண் பகா எண்ணாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீதி 1 வந்தே தீரும். இத்தகைய பகு எண்ணை 2-ஐ அடிமானமாகக் கொண்ட போலிப் பகா எண் என்பார்கள். அடிமானத்தை 3 என்று மாற்றிப் பாருங்கள்.

கேட்டவர்:
மாற்றினேன், மீதி 3029026160 வந்தது, ஆகவே பகு எண் என்பது உறுதியாயிற்று. மிக்க நன்றி. இன்னொரு ஐயம்: கணினி இல்லாத 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் 641-ஐ எப்படிக் கண்டறிந்தார்? 641 வரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தாரா?

பதில் 2:
அதற்குத் தேவையே இல்லை. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 தர வேண்டும் என்பது ஆய்லர் காட்டிய வழி. அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை கிடைத்துவிடுகிறது! பின்னர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகா அந்த 64-ஐ 128 ஆக்கினார். அப்போது 257, 641 ஆகிய இரண்டே எஞ்சுகின்றன. 2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்ல, அதனுடன் 1 கூட்டிக் கிடைப்பவை ஃபெர்மா எண்கள். நம் எண்ணைப் போலவே 2⁸ + 1 ஆன 257-உம் ஃபெர்மா எண்தான். ஃபெர்மா எண்கள் இரண்டுக்குப் பொதுக்காரணி இராது என்பதால் அதையும் விட்டுவிடலாம்.

வகுக்காமலேயே காட்டும் வழியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 641 என்பது 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴-உம் ஆகும். 641-ஆல் வகுக்கும்போது, முதலாவதன்படி 5 × 2⁷-க்கு மீதி −1, எனவே நான்காம் அடுக்கில் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று இட்டால் −2³²-க்கு மீதி 1, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

உங்கள் வகைப்பாட்டில் சேர்க்க: 6700417-உம் பகா எண் என்பதால் இது இரு பகா எண்களின் பெருக்கம். தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகை 6701059 மட்டுமே. அது எண்ணைவிடக் குறைவு, எனவே இது குறை எண். 65536² + 1² என்றும் 62264² + 20449² என்றும் இரு வர்க்கங்களின் கூட்டலாக இதை இரண்டு விதமாக எழுதலாம். பகா எண்ணாக இருந்திருந்தால் ஒரே விதம்தான் இருந்திருக்கும்.