அயனி (பலா இன மரம்) கிண்ணத்தில் கொட்டை உடைக்கும் குமிழ் பிளக்குது, ஏன்?

கேள்வி (தக்கலை):
அயனிக் கிண்ணம் 10 அங்குல அகலம், நடுவில் கொட்டையை வைத்து உடைக்க 2 அங்குலக் குமிழ், எல்லாம் ஒரே கட்டையில் கடைந்தது. அக்ரூட்டை வைத்துச் சுத்தியால் நாலு தட்டு தட்டினதும் குமிழ் பிளந்துபோச்சு. மரம் மோசமா?

பதில் 1:
மரத்தில் குறையில்லை. ஒரே கட்டை என்றால் குமிழிலும் நார் படுக்கையாகத்தான் ஓடும். அடி விழுந்தால் நார் வழியே பிளக்கும். குமிழைத் தனியாகப் புளிய வைரத்தில் (புளியமரத்தின் கெட்டியான உள்கட்டை), நார் செங்குத்தாக நிற்கும்படி கடையுங்க. கிண்ணத்தின் அடியை 1 அங்குலக் கனம் விட்டு, முக்கால் அங்குல ஆழத் துளையில் குமிழின் அடி முளையை எபாக்சி பசை வைத்து இறக்கணும். தலையில் கால் அங்குலக் குழி போடுங்க, கொட்டை உருளாது.

பதில் 2:
கட்டை பச்சையா (ஈரம் காயாததா)? நடுத்தண்டு (மரத்தின் மையச் சோறு) உள்ளே இருந்தால் கிண்ணமே வெடிக்கும், அதை முதலிலேயே அறுத்து நீக்கணும். சுவரை 1 அங்குலம் விட்டு முரட்டுக் கடைசல், நார் முனைகளில் மெழுகு, பிறகு நிழலில் காயட்டும். குமரி இரண்டு பருவமழையும் வாங்குற மாவட்டம், மெதுவாத்தான் காயும், அவசரம் ஆகாது. வாரா வாரம் நிறுத்துப் பாருங்க. எடை இறங்குவது நின்ற பிறகே இறுதிக் கடைசல்.

பதில் 3:
வார்னிஷ் வேண்டாம், அடிபட்டு உரிந்து பருப்போடு வரும். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுக்குதான். தேன்மெழுகு ஒரு பங்கு, உணவுத்தர மினரல் ஆயில் நாலு பங்கு, போதும். இன்னொண்ணு: பச்சைக் கொல்லாங்கொட்டையை (முந்திரிக்கொட்டை) இதில் உடைக்காதீங்க. அதன் தோட்டில் உள்ள எண்ணெய் கையைப் பொள்ளவைக்கும், மரத்திலும் ஊறும்.

கேட்டவர்:
பச்சைக் கட்டைதான், நடுத்தண்டும் இருக்கு. புளிய வைரத்துக்கு எந்த உளி?

பதில் 1:
அதிவேக எஃகு உளி. அடிக்கடி சாணை பிடிக்கணும்.