நிஜாம் நகைகள்: பெட்டகத்திலேயே இருக்கட்டுமா, ஹைதராபாத்துக்கு வரட்டுமா?

செகந்திராபாத்வாசி:
2019இல் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் ஹைதராபாத் சமஸ்தானத்தை ஆண்ட நிஜாம்களின் நகைக் கண்காட்சி நடந்தபோது போய்ப் பார்த்தேன். மொத்தம் 173 உருப்படிகள். ஜேக்கப் வைரத்தைச் சுற்றித்தான் கூட்டம். 184.75 காரட், ஏறக்குறைய 37 கிராம். கல் மட்டுமே நாலரைப் பவுன் எடை! ஆனால் என்னை நகர விடாமல் பிடித்து வைத்தது சத்லடா என்கிற ஏழு சர பஸ்ரா முத்து (பாரசீக வளைகுடா முத்து) மாலை. 465 முத்துகள். தள்ளி நின்றால் எல்லாம் ஒரே வெள்ளை. கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்தால் ஒன்றின் நிறம் இன்னொன்றுக்கு இல்லை, உருண்டையிலும் லேசான கோணல் தெரிகிறது. கடலில் தானாக விளைந்த முத்து அப்படித்தான் இருக்கும்.

1995இல் மத்திய அரசு நிஜாமின் அறக்கட்டளைகளிடமிருந்து சுமார் 218 கோடி ரூபாய்க்கு இவற்றை வாங்கியது. நம் வரிப்பணம். 2000களில் ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் காட்டினார்கள், அப்புறம் டெல்லி. மற்ற நாளெல்லாம் மும்பை ரிசர்வ் வங்கிப் பெட்டகம். ஹைதராபாத்தில் நிரந்தரமாக வைக்க வேண்டும் என்பது என் கட்சி. என்ன சொல்கிறீர்கள்?

கம்மாய்க்கரை:
எனக்குச் சம்மதம் இல்லை. ஹைதராபாத் பாதுகாப்பு என்கிறீர்களா? 2018இல் அங்கே புரானி ஹவேலியில் உள்ள நிஜாம் அருங்காட்சியகத்திலிருந்து கல் பதித்த தங்க டிபன் கேரியரையே தூக்கிக்கொண்டு போனார்கள். போலீஸ் மீட்டது நம் அதிர்ஷ்டம். வெளிநாட்டிலும் இதே கதைதான். 2019 நவம்பரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர அருங்காட்சியகம், 2025 அக்டோபரில் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம். லூவ்ரில் பட்டப்பகலில், மக்கள் உள்ளே இருக்கும்போதே, ஏணி வண்டியில் ஏறி வந்து சில நிமிடங்களில் அள்ளிப் போய்விட்டார்கள். திருட்டு நகையைப் பிரித்துக் கல்லைத் திருப்பி அறுத்துவிட்டால் பிறகு அடையாளமே கிடையாது.

இன்னொன்றும் கேட்கிறேன். இதில் ஹைதராபாத் மண்ணில் விளைந்தது எது? முத்து வளைகுடாவிலிருந்து வந்தது, மரகதம் பெரும்பாலும் கொலம்பியா. ஹைதராபாத்தை ஒட்டிய கோல்கொண்டாவின் பெயரில் வழங்கும் வைரம் என்றாலும் வெட்டி எடுத்தது கிருஷ்ணா கரையில் கொல்லூர் பக்கம், இன்றைய ஆந்திராவில்.

பட்டைதீட்டி:
திருச்சியில் கல் பட்டை தீட்டும் தொழிலில் இருப்பவன் என்பதால் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஜேக்கப் வைரம் கோல்கொண்டாக் கல்லே இல்லை, தென்னாப்பிரிக்கா. அலெக்சாண்டர் மால்கம் ஜேக்கப் என்ற வியாபாரி 1891இல் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானிடம் விற்கக் கொண்டுவந்து, அது தகராறாகி, விஷயம் கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை போனது. பின்னால் ஏழாம் நிஜாம் அதைத் தகப்பனாரின் செருப்புக்குள்ளிருந்து எடுத்துக் காகிதம் பறக்காமல் வைக்கப் பயன்படுத்தினார் என்று சொல்வார்கள்.

அடுத்தது முக்கியம். பெட்டகம் வைரத்துக்குச் சரி, நூறு வருஷம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. முத்து அப்படியல்ல. அதில் சுண்ணாம்புச் சத்தோடு கொஞ்சம் உயிர்ப்பொருளும் ஈரமும் உண்டு. காற்று ரொம்ப வறண்டால் வெடிப்பு விடும். கோத்த நூலும் நைந்துபோகும். அந்த ஏழு சர மாலையை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஈரப்பதத்தை ஒரே சீராக வைத்துத் தினமும் ஒருவர் கண்காணிக்கிற காட்சிப் பெட்டிதான் முத்துக்கு நல்லது.

கம்மாய்க்கரை:
அண்ணே, அந்த ஏற்பாட்டைப் பெட்டகத்திலேயே செய்யலாமே. அதற்கு எதற்குக் காட்சிக்கூடம்?

செகந்திராபாத்வாசி:
பெட்டகத்தையே காட்சிக்கூடமாக்கலாம், ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். தெஹ்ரானில் ஈரான் மத்திய வங்கிக் கட்டடத்தின் நிலவறைப் பெட்டகத்தில்தான் அரச நகைகளை மக்களுக்குக் காட்டுகிறார்கள். 1739இல் பாரசீக மன்னர் நாதிர் ஷா டெல்லியிலிருந்து அள்ளிப்போன தரியா-இ-நூர் வைரமும் அங்கேதான். ரிசர்வ் வங்கிக்கு ஹைதராபாத்திலும் அலுவலகம் இருக்கிறது. ஏன் முடியாது?

கல் எங்கே விளைந்தது என்று கேட்டீர்கள். விலை கொடுத்தது அந்த ஊர். விவசாயி கட்டிய வரியில் வாங்கியது.

கம்மாய்க்கரை:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! வெட்டி என்கிற கூலியில்லாக் கட்டாய வேலை வாங்கி, வரி பிழிந்து சேர்ந்த சொத்து. 1946இல் தெலங்கானா விவசாயிகள் இதை எதிர்த்துச் சும்மாவா எழுந்தார்கள்? கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு மினுக்கிக் காட்டினால் பார்க்கிறவன் நிஜாமின் பெருமையைப் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

பட்டைதீட்டி:
பூட்டி வைத்தால் மட்டும் அந்த விவசாயியை யார் நினைக்கப்போகிறார்கள் தம்பி? அப்புறம், செய்தவன் கையையும் பார்க்க வேண்டும். குந்தன் வேலையில் கல்லுக்கு அடியில் தகடு வைத்து, சுற்றிலும் சுத்தத் தங்கத்தை அழுத்தி இறுக்குவார்கள். பின்பக்கம் திருப்பினால் மீனா (எனாமல்) வேலை, பச்சையும் சிவப்புமாகப் பூவும் இலையும். போட்டுக்கொள்பவரின் தோலைத் தொடுகிற பக்கம், வேறு யாருக்கும் தெரியாது. அதற்கும் அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். வைப்பதானால் பின்னால் ஒரு கண்ணாடி வைத்து அதையும் காட்ட வேண்டும்.

கம்மாய்க்கரை:
வங்கிப் பெட்டகத்துக்குள்ளேயே காட்சி என்றால் பாதுகாப்பு பற்றிய என் ஆட்சேபம் பாதி குறைகிறது. மீதி குறையாது. முதல் அறையில் வெட்டி முறையும் 1946 போராட்டமும் இருக்கட்டும், அதைத் தாண்டித்தான் வைரத்துக்கு வழி. அதை எழுதுகிற பொறுப்பும் நிஜாம் குடும்பத்திடம் போகக் கூடாது, வரலாற்று ஆய்வாளர்கள் எழுத வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்வீர்களா?

செகந்திராபாத்வாசி:
போராட்டத்துக்குத் தனி அறை கட்டாயம் வேண்டும், அதை ஆய்வாளர்கள் எழுதுவதும் சரி. அதை முடித்தால்தான் வைரம் என்று வழியை அடைப்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.